இடது கண்ணும் கடைசி வரியும்

போன வார அத்தியாயத்தில், சாப்பாட்டு மேஜையில் அக்காவின் கரண்டி பாதி வழியில் நின்றதே, அங்கிருந்து தொடங்கலாம்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. அப்பா கண்ணாடிக்கடைக்காரர். அம்மா கணக்கு டீச்சர். அக்கா கண் பரிசோதனைக்குப் படித்துவிட்டு அப்பாவின் கடையிலேயே வேலை பார்க்கிறாள். சின்னவள் சுண்டு, பத்து மாதமாக அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் கேடட். மூன்று நாள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் அகாடமியில் மருத்துவப் பரிசோதனைக்கு நின்று, ஒரு படிவத்தையும் நீட்டியாக வேண்டும். எந்தப் பிரிவில் சேர விருப்பம் என்று கேட்கும் படிவம். முதல் கட்டத்தில் அவள் என்ன எழுதப் போகிறாள் என்பது தெருப் பூனைக்குக்கூடத் தெரியும். விமானி.

நேற்று, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டில் சுண்டு தன் முதல் மருத்துவப் பரிசோதனைக் கதையைச் சொன்னாள்.

"அங்கயும் நம்ம வீட்டு போர்டுதான்க்கா மாட்டியிருந்தாங்க. அதே நம்பருங்க. புகுந்த வீட்ல பொறந்த வீட்டு ஆளைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. டாக்டர் குச்சியை வைக்கிறதுக்குள்ள கடைசி வரியைச் சொல்லி முடிச்சுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் கரண்டி மட்டும் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

அந்தக் கண் பரிசோதனை போர்டு அவர்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் எட்டு வருடமாகத் தொங்குகிறது. மேலே பெரிய எண், கீழே போகப் போகச் சின்ன எண். கடையில் இருப்பதும் அதே அச்சுதான். அதன் கடைசி வரி இந்த வீட்டுக்கு வேதம். 5 8 3 9 6 2 7 4. முதல் நாலு எண் சுண்டுவின் டிரங்குப் பெட்டிப் பூட்டுக்கு, அடுத்த நாலும் கடை ஷட்டர் பூட்டுக்கு. அம்மா தன் வங்கி அட்டைக்கு அதையே தலைகீழாக வைத்திருக்கிறாள் என்று வதந்தி.

அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. "ஊருக்கே கண்ணாடி போட்டுவிட்டேன், என் வீட்டில் ஒருத்தருக்கும் கண்ணாடி இல்லை" என்பார். ஐம்பத்தெட்டு வயதில் அவரே பத்திரிகையைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துத்தான் படிக்கிறார். பொடி எழுத்து வந்தால் "வெளிச்சம் பத்தலை, நீ படி" என்று பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். வெளிச்சத்தின் மேல் பழி போட்டே பத்து வருடம் ஓட்டியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அறிவுரையோடு விடிந்தது.

இந்த மூன்று நாளில் சுண்டுவுக்கு அறிவுரை சொல்லாதவர் பாவம் செய்தவர் என்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், தேர்வுக்கு முந்தின நாள் எட்டு மணி நேரம் தூங்கச் சொன்னார். அவர் மனைவி, அதிகம் தூங்கினால் கை மந்தமாகிவிடும் என்றாள். முடிதிருத்துபவர், விமானியாகப் போகிறவர்கள் வீடியோ கேம் ஆடிப் பழகணும் என்றார், அதற்கு அவரிடம் ஆதாரமும் இருந்தது. அவர் தம்பி மகன் ஆடி ஆடித் தேறிவிட்டானாம். என்ன தேர்வு என்று கேட்டதற்குத் தபால் இலாகா என்றார்.

எல்லாவற்றுக்கும் மேல், அகாடமிப் பயிற்றுநர் மேடம் எல்லாருக்கும் கொடுத்து அனுப்பிய தாள் ஒன்று இருந்தது. 'விமானி ஆக விரும்பும் கேடட்டுகளுக்கு' என்று தலைப்பு. பதினான்கு குறிப்புகள். சுண்டு அதை மடித்து மடித்து நாலாய்க் கிழியும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

அம்மா அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

"மூணாவது என்ன சொல்லுது? உன் உடம்பு சொல்றதை நம்பாதே, கருவி சொல்றதை நம்பு. பதினொண்ணு என்ன சொல்லுது? உன் உடம்பை உன்னைவிட யாருக்கும் தெரியாது, சரியில்லைன்னு தோணினா சொல்லிடு. ரெண்டும் ஒத்து வரலையே."

"மேடம் அப்படித்தாம்மா. ரெண்டும் சரின்னு சொல்வாங்க."

"ரெண்டும் சரியா இருக்க முடியாது. ஒரே கேள்விக்கு ரெண்டு விடை எழுதினா நான் மார்க் போட மாட்டேன்." அம்மா இரண்டு குறிப்புகளையும் சிவப்பில் சுழித்து நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டாள். "எதுவா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடாதே. படிச்சுப் பார்த்துப் போடு."

அந்த நேரத்தில் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சுண்டு, கடை வரைக்கும் வா. புது ஃபிரேம் பெட்டி ரெண்டு மேல தூக்கி வைக்கணும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஞாயித்துக்கிழமைதான் நீ இருக்கே."

கடையில் ஃபிரேம் பெட்டி எதுவும் தரையில் இல்லை. எல்லாம் ஏற்கெனவே மேலே இருந்தன. சுண்டு அலமாரியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள் அறை விளக்கைப் போட்டாள்.

உள் அறையில் ஒரு நாற்காலி, எதிரே ஆளுயரக் கண்ணாடி, பக்கத்தில் பிளாஸ்டிக் உறையோடு ஒரு திரை. ஆறு மாதத்துக்கு முன் அக்கா அடம்பிடித்து வாங்கிய பரிசோதனைத் திரை அது. பட்டனைத் தட்டினால் வரிசையை மாற்றிக்கொண்டே இருக்கும், நாற்காலியில் இருப்பவர் அதை எதிர்க் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அப்பா அதைத் தொடமாட்டார். "அச்சடிச்ச போர்டு என்ன பொய்யா சொல்லுது?" என்று உறையைக் கழற்றக்கூட விடவில்லை.

அக்கா உறையைக் கழற்றினாள்.

"உட்காரு. ரெண்டே நிமிஷம்."

"எனக்கெதுக்கு?"

"நாளைக்கு மெடிக்கல்ல எப்படியும் பார்ப்பாங்க. நான் ஒருதடவை பார்த்துடறேன்."

திரையில் எண் வரவில்லை. மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி ஓர் உருவம் வந்தது. பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான், சின்னக் குழந்தைகளுக்கு வைக்கிற பரிசோதனை.

இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாள். மேலே, கீழே, இடம், வலம். கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் போனது. அக்கா மூச்சு விட்டாள்.

கண்ணை மாற்றினாள்.

முதல் நாலு வரி சரி. ஐந்தாவதில் ஒன்று தவறியது. ஆறாவதில் சுண்டுவின் கை காற்றில் நின்றது.

"இது சீப்பே இல்லைக்கா. பல்லெல்லாம் கொட்டிப்போன மாதிரி இருக்கு."

"தோணறதைக் காட்டு."

"மேல. இல்ல, வலது. அக்கா, திரையில தூசி இருக்கு."

அக்கா மெல்லிய துணியால் திரையைத் துடைத்தாள். எதிர்க் கண்ணாடியையும் துடைத்தாள். வரிசையை மாற்றினாள். ஆறாவது வரியில் ஐந்துக்கு இரண்டுதான் சரியாக வந்தது, அதுவும் குருட்டாம்போக்கில்.

"மெஷின் கோளாறு" என்று எழுந்தாள் சுண்டு. "அப்பா சொல்றது சரிதான். வா, அந்த போர்டுல பாரு."

சுவரிலிருந்த பழைய போர்டின் முன் நின்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, கடைசி வரியை ஒரே மூச்சில் சொன்னாள். அஞ்சு எட்டு மூணு, ஒம்போது ஆறு ரெண்டு, ஏழு நாலு. ஜெயித்த முகத்தோடு திரும்பினாள்.

அக்கா அசையவில்லை. "இப்ப ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டுச் சொல்லு."

சுண்டு கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள். ஐந்து, எட்டு என்று ஆரம்பித்தவள் மூன்றுக்குப் போகவில்லை.

சுண்டு இடது கண்ணை மட்டும் திறந்து மறுபடியும் போர்டைப் பார்த்தாள். இந்த முறை கடைசி வரியில் எண் இருப்பது தெரிந்தது. ஆனால் எட்டு எட்டாகத்தான் தெரிகிறதா, எட்டு என்று தெரிந்திருப்பதால் எட்டாகத் தெரிகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அகாடமியில் அன்றைக்கு என்ன நடந்தது, பார்த்துச் சொன்னாளா, பாடம் ஒப்பித்தாளா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. அவள் ஏமாற்றவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மையும் இல்லை.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"லென்ஸ் வெச்சுப் பார்க்காம சொல்ல முடியாது. ரொம்ப இல்லை. கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்."

சுண்டு பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் ஓர் உறுதிமொழி. 'உடற்குறை ஏதும் உண்டா? இருப்பின், அது தெரியவந்த தேதி. முன்பே தெரிந்தும் மறைத்தது பின்னர் கண்டறியப்பட்டால் அகாடமிச் சேர்க்கையே ரத்தாகும்.' அதன் கீழே சிற்றெறும்பு அளவில் இன்னொரு வரி. 'கண்ணாடியால் சரியாகும் பார்வைக் குறைகளை மருத்துவக் குழு பரிசீலிக்கும்.'

"பரிசீலிக்கும்னா ஆமாங்கிறாங்களா, இல்லைங்கிறாங்களா?"

"பரிசீலிக்கும்னா பரிசீலிக்கும்" என்றாள் அக்கா. அவளுக்கே அது பதிலாகப் படவில்லை.

சுண்டுவுக்குக் கோபம் வந்தது. அது எங்கே போய் விழ வேண்டுமோ அங்கே விழாமல், கிட்டத்தில் இருந்தவள் மேல் விழுந்தது.

"நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாம இல்லைன்னு எழுதியிருந்தா அது பொய் இல்லை. இப்ப நீ சொல்லிட்டே. இனிமே இல்லைன்னு எழுதினா பொய், ஆமான்னு எழுதினா போச்சு. உன்னை யாரு பார்க்கச் சொன்னா?"

"நாளைக்கு அவங்க வேற போர்டு வெச்சிருந்தா?"

"அப்ப அங்க தெரிஞ்சிருக்கும். அது அவங்க கண்டுபிடிச்சதா இருந்திருக்கும்."

"மேல போனதுக்கப்புறம் தெரிஞ்சிருந்தா?"

மேடம் கொடுத்த தாளின் ஏழாவது குறிப்பு சுண்டுவுக்கு மனப்பாடம். 'டாக்டரிடம் மறைத்ததை ஆகாயத்திடம் மறைக்க முடியாது.' இதையும் மனப்பாடம்தான் செய்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அதை அக்கா பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினால் எதிரே ஆளுயரக் கண்ணாடி.

பன்னிரண்டரைக்கு அப்பா வந்தார். சாப்பிட வரவில்லையே என்று தேடி வந்தவர், பாதி இறங்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தார். கழற்றிய பிளாஸ்டிக் உறை தரையில் கிடந்தது. அதைப் பார்த்தார். சின்ன மகளின் மூக்கு சிவந்திருந்தது. அதையும் பார்த்தார்.

"அந்த மெஷின்ல பார்த்தியா?" என்று பெரியவளைக் கேட்டார்.

"இடது கண்ணு ஆறாவது வரி தாண்டலைப்பா."

"அது சீனியும் உப்பும் ஒண்ணுன்னு சொல்ற மெஷின்."

"அப்ப நீங்களே பாருங்க."

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டார். லென்ஸை மாற்றி மாற்றிப் பார்க்கும் டிரயல் ஃபிரேமை எடுத்து மகளின் மூக்கில் மாட்டினார். வலது பக்கத்துக்குக் கறுப்பு மூடி. லென்ஸ் பெட்டியைத் திறந்து, வட்ட லென்ஸ் ஒன்றை எடுத்து இடது பக்கத்தில் செருகினார்.

"இப்ப?"

"கொஞ்சம் தெளிவா இருக்கு."

அதை எடுத்துவிட்டு அடுத்த லென்ஸைச் செருகினார்.

"இப்ப?"

சுண்டு மூச்சை இழுத்தாள். சீப்புக்குப் பல் முளைத்திருந்தது. ஆறாவது வரி, ஏழாவது வரி, கடைசி வரி வரைக்கும் கறுப்பாக, கூர்மையாக. எதிர்க் கண்ணாடியின் சட்டத்தில் ஒரு கீறல் இருப்பதுகூடத் தெரிந்தது. உலகம் இவ்வளவு தெளிவாகவா இருக்கும் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டாள். அடுத்த கணமே அந்தச் சந்தோஷம் என்ன சேதி கொண்டுவந்திருக்கிறது என்று புரிந்தது.

"மைனஸ் முக்கால்" என்றார் அப்பா.

அக்கா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாக லென்ஸ்கள். அரையும் முக்காலும் இருந்த இரண்டு குழி மட்டும் காலி.

"அப்பா."

"என்ன?"

"நீங்க எப்பவும் மைனஸ் கால்ல இருந்துதானே ஆரம்பிப்பீங்க. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தீங்க. எடுத்ததும் பெரிசா வெச்சா கண்ணு சோம்பேறியாகி ஆமாஞ்சாமி போடும்னு. இவளுக்கு மட்டும் ஏன் அரையில ஆரம்பிச்சீங்க?"

அப்பா பெட்டியை மூடினார்.

"அவசரத்துல கைக்கு வந்ததை எடுத்தேன்."

"நாப்பது லென்ஸ்ல அரைதான் கைக்கு வந்துச்சா?"

அப்பா மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கீழ் இழுப்பறையின் சாவி அவர் சாவிக்கொத்திலேயே இருந்தது. திறந்து, அடியில் கையை விட்டு, ஓரம் பழுத்த ஒரு கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடைக்கு வருகிறவர்களுக்கு எழுதி வைப்பாரே, அதே கார்டு.

அக்கா எடுத்துப் பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முந்தின ஜூன் மாதத் தேதி. வலது கண் சரி. இடது கண், மைனஸ் அரை. பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'சின்னது' என்று மட்டும் இருந்தது.

"அப்ப உனக்குப் பதிமூணு வயசு" என்றார் அப்பா சுண்டுவிடம். முகத்தைப் பார்க்காமல் லென்ஸ் பெட்டியிடம் பேசினார். "தலைவலின்னே. ஞாயித்துக்கிழமை இங்க கூட்டிட்டு வந்து பார்த்தேன். அரை வந்துச்சு. நீ வெறும் தலைவலிக்குப் பார்த்தேன்னு நெனச்சுட்டு விளையாடப் போயிட்டே. அதுக்கு முந்தின வாரம்தான் கட்டில் தலைமாட்டுல விமானப் படம் ஒட்டினே. கண்ணாடி போட்டவங்களை அங்க சேர்க்க மாட்டாங்கன்னு யாரோ சொன்னாங்க. யாருன்னுகூட ஞாபகம் இல்லை. அரைதானே, கண்ணுக்குப் பயிற்சி குடுத்தா சரியாயிடும்னு நெனச்சேன்."

"அதான் போர்டைச் சாப்பாட்டு ரூம்ல மாட்டினீங்களா?" என்றாள் அக்கா. "சுவர் வெறிச்சுன்னு இருக்குன்னு சொன்னீங்க."

"தினமும் தூரத்துல இருந்து படிச்சா நல்லதுன்னு நெனச்சேன். அவ படிச்சா. ரெண்டே மாசத்துல கடைசி வரி வரைக்கும் படிச்சா. நான் சரியாயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்."

ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர், போர்டை மனப்பாடம் செய்துவிட்ட குழந்தையைப் பார்வை தெளிந்த குழந்தை என்று நம்பியிருக்கிறார். அடுத்த வீட்டுக் குழந்தை என்றால் அரை நிமிடத்தில் பிடித்திருப்பார்.

சுண்டுவுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவர் தோளில் சாய்ந்து அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் டிரயல் ஃபிரேமைக் கழற்ற மறந்தபடி நின்றாள். ஒரு பக்கம் கறுப்பு மூடி, ஒரு பக்கம் வட்ட லென்ஸ். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"அரையாவே இருந்திருக்குமாப்பா, அப்பவே போட்டிருந்தா?"

"தெரியலைம்மா."

"டாக்டரைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஏட்டுல ஏறிடும்னு பயந்தேன்."

மூன்று மணி வரை அந்த அறையில் யாரும் சாப்பாட்டை நினைக்கவில்லை. அம்மா இரண்டு முறை போன் செய்தாள். இரண்டு முறையும் அக்கா "வந்துட்டே இருக்கோம்" என்றாள்.

படிவம் மேஜைமேல் விரிந்து கிடந்தது. முதல் விருப்பம் என்ற கட்டத்தில் சுண்டு விமானி என்று எழுதினாள். உடற்குறை உண்டா என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, 'இடது கண், மைனஸ் முக்கால்' என்று எழுதினாள். அடுத்த கட்டம் தேதி.

"இன்னிக்குத் தேதி போடு" என்றார் அப்பா. "உனக்குத் தெரிஞ்சது இன்னிக்குத்தான். அது சத்தியம்."

"அந்தக் கார்டு?"

"கார்டு என் கையில இருக்கு. கிழிச்சா யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாத்தானே மறைச்சதா ஆகும்."

அக்கா வாயைத் திறந்து மூடினாள். காலையில் ஒரு உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று நினைத்தாளோ என்னவோ.

சுண்டு யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த தேதி ஒன்று. வீட்டுக்குத் தெரிந்த தேதி இன்னொன்று. படிவம் யாருக்குத் தெரியவந்த தேதியைக் கேட்கிறது? இன்றைய தேதியைப் போட்டால் அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் கார்டு குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டும். பழைய தேதியைப் போட்டால், எட்டு வருடம் மறைத்த வீடு என்று ஆகும். விமானம் என்ன, அகாடமியே கிடைக்காமல் போகலாம். நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று மேடம் கொடுத்த தாளைப் புரட்டினாள். மூன்று, பதினொன்று, சிவப்புச் சுழி, கேள்விக்குறி. எல்லாவற்றுக்கும் கீழே கையால் எழுதிய ஒரு வரி.

'சந்தேகம் இருந்தால் ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் கூப்பிடவும். அதற்கு மேல் சந்தேகம் உங்களுடையது.'

கடிகாரம் நாலாக ஏழு நிமிடம் காட்டியது.

சுண்டு போனை எடுத்து, மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள். தனியாகப் பேசத் தைரியமில்லை. அப்பா கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார் மேடம். "சொல்லுங்க."

"கேடட் நானூத்திப் பதினேழு, மேடம். ஒரு கேடட்டுக்கு, அதாவது ஒருத்தருக்கு, ஒரு கண்ணுல..."

"ஒருத்தருக்கா, உனக்கா?"

"எனக்கு, மேடம்."

"எவ்வளவு?"

"இடது கண்ணு. மைனஸ் முக்கால். லென்ஸ் வெச்சா கடைசி வரி வரைக்கும் தெரியுது."

"சேரும்போது மெடிக்கல்ல எப்படிப் பாஸ் ஆனே?"

சுண்டு சொன்னாள். வீட்டுச் சுவரில் இருக்கும் போர்டையும், டிரங்குப் பெட்டிப் பூட்டையும்கூடச் சொன்னாள். மறுபக்கத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"உனக்கு இது எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னிக்குக் காலையில, மேடம்."

"சரி. அது உனக்கு." பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "வீட்டுல வேற யாருக்காவது முன்னாடியே தெரியுமா?"

சுண்டு அப்பாவைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்து நின்றது. அப்பாவின் விரல்கள் கார்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்திருந்தன. கிழிக்கத் தோதான பிடி அது.

"கேடட்?" என்றார் மேடம்.

அப்பா கார்டை மேஜைமேல் வைத்தார். கீழ் இழுப்பறையை மறுபடியும் இழுத்து, அடியிலிருந்து ஒரு பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதற்குள் பழுப்பு ஃபிரேம் போட்ட ஒரு கண்ணாடி. துடைத்து வைத்த, அடிக்கடி புழங்கிய கண்ணாடி. அதை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். முப்பது வருடமாக வீட்டில் ஒருத்தருக்கும் கண்ணாடி இல்லை என்று சொன்னவர், இரண்டு மகள்களுக்கும் முன்னால் முதல் முறையாக மாட்டிக்கொண்டார்.

"தெரியும்" என்று போன் பக்கம் குனிந்தார். "நான் அவளோட அப்பா. கண்ணாடிக்கடை வெச்சிருக்கேன். எழுதிக்கோங்க." கார்டைக் கிட்டத்தில் பிடித்துப் படித்தார். நாள், மாதம், வருடம். "இடது கண், மைனஸ் அரை. சோதிச்சது நான். அவகிட்ட சொல்லலை. அவ அம்மாகிட்டயும் சொல்லலை."

மறுபக்கத்தில் எழுதும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவ்வளவு நேரம் எழுத அதில் என்ன இருக்கிறது என்று சுண்டு பயந்தாள்.

"அந்தக் கார்டு பத்திரமா இருக்கட்டும்" என்றார் மேடம் கடைசியில். "கேடட், காலைல ஏழு மணிக்கு மெடிக்கல் ரூமுக்குப் போகாதே. நேரா கமாண்டன்ட் ரூமுக்கு வா. சார், நீங்களும் வரணும்." இணைப்பு துண்டானது.

அகாடமித் தலைவரான கமாண்டன்டின் அறைக்கு எதற்கு? நல்லதற்கா, பெட்டியைக் கட்டச் சொல்லவா? பதினான்கு குறிப்புகளில் அதற்கு ஒரு குறிப்பும் இல்லை. அக்கா திரைக்கு உறையை மாட்டப் போனாள், பாதியில் விட்டுவிட்டு வந்து தங்கையின் பக்கத்தில் நின்றாள்.

சுண்டு பேனாவை எடுத்தாள். தேதிக் கட்டம் இன்னும் காலி.

"அப்பா, இதுல எந்தத் தேதி எழுதட்டும்?"

அப்பா படிவத்தைத் தன் பக்கம் திருப்பினார். வெளிச்சத்தைக் குறை சொல்லவில்லை. கையை நீட்டித் தூரத்தில் பிடிக்கவும் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சிற்றெறும்பு எழுத்து உட்பட எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு கட்டத்தின் மேல் விரலை வைத்து அளந்தார்.

"சின்னதா எழுதினா ரெண்டுக்கும் இடம் இருக்கும்மா" என்றார்.